வெள்ளைக் கோட்டுக்கு அடியில்

"காலையில ஆறு மணிக்கு இது நடக்கவே இல்ல சார். நேத்தே நடந்து முடிஞ்சிருச்சு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

சொன்னவள், நெடுஞ்சாலையில் கோடு போடும் மெஷின்காரி. நகமெல்லாம் வெள்ளை பெயின்ட். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

கீழே நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு நீலக் காரை கிரேன் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே விதை வியாபாரி... பிணமாக!

அவர் கைக்கடிகாரம் ஆறு பத்தில் நின்றிருந்தது. இன்று காலை ஆறு பத்துக்குக் கார் விழுந்தது என்பது போலீஸ் கணக்கு.

ஜீப்பில் அவள் தம்பி. பால் வண்டி டிரைவர். சோளக்காட்டுப் பாதைக்காக வியாபாரியோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன். தண்ணீரில் அமுக்கிவிடுவேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லித் தொலைத்தவன்.

போதாதா?

அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

உனக்கு எப்படித் தெரியும் என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சாலையோரம் மண்டியிட்டாள். தண்ணீரை நோக்கிப் போன கறுப்பு டயர் தடம், ஓரத்து வெள்ளைக் கோட்டில் மட்டும் காணாமல் போயிருந்தது. கோட்டைத் தாண்டி மறுபடி தொடங்கியது.

கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினாள்.

அடியில் கறுப்பு!

"நேத்து நாலு மணிக்கு நான் போட்ட கோடு சார். தடத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் அடிக்கணும். சோம்பேறித்தனம்... அப்படியே மேல ஓட்டிட்டேன்."

வேலை போகும். போகட்டும். தம்பி பிழைத்தால் சரி.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, அவனை விட்டுவிடத்தான் இருந்தேன் என்றார். ஆறு பத்துக்கு அவன் முப்பது கிலோமீட்டர் தள்ளி, பால் டிப்போவில் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். அங்கே கேமரா இருக்கிறது. இப்போதுதான் போன் வந்ததாம்.

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

"அப்போ யாரோ கடிகார முள்ளைத் திருகி வெச்சிருக்கான்மா. இன்னைக்கு ஆறு பத்துக்கு வேற எங்கேயோ நல்ல பிள்ளையா நிப்போம்னு முன்கூட்டியே தெரிஞ்சவன்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தார். நிதானமாக.

"நேத்து நாலு மணிக்கு முன்னால எங்கடா இருந்தே?"

நேற்று மத்தியானம் தம்பிக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, அவள் மெஷின் நிழலில் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

தம்பி இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். சிரித்தான்.

"அக்காகூட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்... சொல்லுக்கா. நீ சொன்னாத்தான் சார் அப்படியே நம்புறாரே!"