அவருக்குப் பக்கத்து இடம்

"இந்த வீட்டுல சிலருக்கு இன்னைக்குக் கல்யாணக் களை..." சின்னவள் சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "புருஷன் சமாதியை அளக்க ஆள் வருதில்ல. எனக்குக் காட்டுறதுக்கு அங்க யாரு இருக்கா?"

கொதிக்கிற பாலை இறக்கிக்கொண்டிருந்த பெரியவளுக்குத் துணி நழுவி விரல் சுட்டுவிட்டது. கையை உதறிவிட்டு மூன்று டம்ளரிலும் டீயை ஊற்றினாள். பல வருஷமாகவே ஓர்ப்படி அவளிடம் நேரே பேசுவதில்லை. சுவரிடம் பேசுவாள், கதவிடம் பேசுவாள், குக்கரிடம்கூடப் பேசுவாள். பேச்சு என்னவோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தப்பாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

சின்னவளின் புருஷனான கொழுந்தன் செல்போனில் இருந்து தலையைத் தூக்காமல் டீயைக் குடித்தான்.

புது ரோடு ஒன்று வருகிறது. அது போகிற வழியில் இந்தக் குடும்பத்தின் பழைய இடுகாடும் இருந்தது. அளவெடுக்கிற பெண் ஒருத்தி வாரக்கணக்கில் வட்டாரமெல்லாம் அலைந்து, புதர் மூடிய சமாதிகளைக் கண்டுபிடித்து, படம் பிடித்துப் பதிந்துகொண்டிருந்தாள். பதிவானவர்களைப் புது இடுகாட்டுக்கு மாற்றுவார்கள். பதிவாகாதவர்கள் தாருக்கு அடியில்தான். இன்று இவர்கள் முறை. நாளைக்கு மண் தோண்டுகிற மெஷின் வந்துவிடும்.

கொழுந்தன் கை கழுவக் கொல்லைக் குழாயடிக்குப் போனதும் பெரியவள் பின்னாலேயே போனாள்.

"தம்பி... இன்னைக்காவது சொல்லிடணும்ப்பா."

"வேணாம் அண்ணி."

"சொல்லலைன்னா புள்ள ரோட்டுக்கு அடியில போயிடும். லாரி ஏறும்ப்பா அது மேல..."

"மெதுவா பேசுங்க."

"இத்தனை வருஷமா மெதுவாத்தானே பேசுறேன்."

அவன் குழாயை மூடினான். பிறகு அண்ணி பேசுவது உள்ளே கேட்காமல் இருக்கத் திரும்பவும் திறந்துவிட்டான். "எங்க வெச்சீங்கன்னு எனக்கே தெரியாது அண்ணி."

"நீ ஒரு நாளும் கேக்கலையே."

பல வருஷத்துக்கு முன்னால் சின்னவளின் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. தாய் நினைவிழந்து கிடந்தாள். பேர் வைக்காத பிள்ளைக்குக் குடும்ப இடுகாட்டில் இடமில்லை என்று மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதான். கொழுந்தன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "எங்கயாவது விட்டுடுங்க அண்ணி, என்னால பார்க்க முடியாது" என்று முகத்தை மூடிக்கொண்டான். பெரியவள் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அப்போது அவள் தாலி இழந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

சின்னவள் கண் விழித்துக் கேட்டபோது, "அண்ணி ஆஸ்பத்திரிக்காரங்க கையிலேயே விட்டுட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டான் அவன். வாயில் வந்தது அது. அன்றைக்கு அவள் இருந்த நிலையில் இடம் தெரிந்தால் கையாலேயே மண்ணைத் தோண்டுவாள் என்று பெரியவளும் பேசாமல் இருந்தாள். அப்புறம் மாமனாருக்குப் பயந்தாள். அவர் போன பிறகு கொழுந்தன் பயந்தான். இப்போது சொன்னால் ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்பாளே... சின்னவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. அந்தத் துக்கமெல்லாம் வசவாகித் தினமும் பெரியவள் தலையில் விடிந்தது. பெரியவளைப் பிறந்த வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. போனால் அந்தப் பிள்ளையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

"எனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கணும் அண்ணி." கொழுந்தன் கும்பிடாத குறையாகச் சொன்னான். "அவ என்னை விட்டுட்டுப் போயிடுவா."

பெரியவள் குழாய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் புடவை ஓரத்தை நனைத்துக்கொண்டு ஓடியது.

மூன்று பேரும் இடுகாட்டுக்குப் போனபோது அளவுக்காரப் பெண்ணின் ஆட்கள் முள்ளையெல்லாம் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். வெயில் நேராக இறங்கியது. அவள் ஒவ்வொரு கல்லாகப் பிரஷ்ஷால் தூசி தட்டி, மேலே தண்ணீர் தெளித்து எழுத்தைப் படித்தாள். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். கல் இல்லாத இடங்களில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தாள். தோண்டாத மண் கம்பியை உள்ளே விடாது. ஒரு தடவை தோண்டி மூடிய மண் எத்தனை வருஷமானாலும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

"இது எங்க அண்ணன்," என்றான் கொழுந்தன்.

"சரி. இதுக்குப் பக்கத்துல?"

"காலி. அண்ணிக்குன்னு விட்ட இடம். உயிரோட இருக்கிறவங்களுக்குப் புது இடுகாட்டுல இடம் கிடையாதுன்னுதான் சொல்லிட்டீங்களே... காலின்னே எழுதிக்கோங்க."

அந்தப் பெண் பழக்கதோஷத்தில் கம்பியைக் குத்தினாள். அது சரசரவென்று இறங்கியது. தள்ளிக் குத்தினாள், நின்றுவிட்டது. மறுபடி நடுவில் குத்தினாள், இறங்கியது.

"தோண்டியிருக்காங்களே சார். சின்னதா... இவ்வளவு அகலம்தான்."

"மரம் கிரம் நட்டிருப்பாங்க. காலின்னு எழுதுங்க மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். பெரியவள் போய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மண்ணின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

"எழுதாதீங்கம்மா. காலி இல்ல."

"யாருங்க இருக்காங்க?"

பெரியவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தீங்களா மேடம்," என்றாள் சின்னவள். "செத்த பிறகு படுக்கிற இடத்துக்கு இப்பவே அடிச்சுக்கிறாங்க. எம்புள்ளைக்கு ஒரு பிடி மண்ணு போட அந்தக் கைக்கு மனசு வரல... குப்பையோட குப்பையா விட்டுட்டு வந்த கை அது."

அளவுக்காரப் பெண் பெரியவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "அம்மா, யாருன்னு தெரியாம நான் பதிய முடியாது. பதியலைன்னா நாளைக்கு மெஷின்காரனுக்கு இது வெறும் மண்ணு. அவன் நிறுத்த மாட்டான்."

"குழந்தைம்மா."

"யாரோட குழந்தை?"

"எங்க வீட்டுக் குழந்தை. இவளோடது." பெரியவள் நிமிரவில்லை. "நான்தான் மறைச்சேன். வேற யாருக்கும் தெரியாது. என்னை என்ன வேணா சொல்லட்டும்... புள்ளையை மட்டும் விட்டுடாதீங்க."

சின்னவள் பாய்ந்து வந்தாள். பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பொய் சொல்றீங்க. இத்தனை வருஷம் என்னை உசுரோட கொன்னது பத்தாதா?"

இத்தனை வருஷத்தில் நேருக்கு நேராக அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பெரியவள் தோளை விடுவித்துக்கொள்ளவில்லை.

"பொண்ணு. தலை நெறைய முடி. உன் நெத்திதான்... இந்த ஓரத்துல உனக்கு மேலேறி இருக்கே, அதே மாதிரி. என் கூரைப் புடவையிலதான் சுத்தி வெச்சேன். மாமா வேற எங்கயும் விட மாட்டார்னு தெரியும். என் இடம் எனக்குத்தானே, யாரைக் கேக்கணும்? நானே தோண்டினேன். ஆழம் போதலையோன்னு இன்னைக்கு வரைக்கும் பயமாத்தான் இருக்கு..."

சின்னவளின் பிடி தளர்ந்தது. மூத்தாரின் கல்லைப் பார்த்தாள், பக்கத்தில் அந்த மண்ணைப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் நெற்றி ஓரத்தைத் தடவியது. பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க... ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்துட்டாங்கன்னு என்கிட்ட சொன்னது யாரு?"

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"நான் இவங்களைப் பேசினப்போ எல்லாம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே."

"அவனை விடு," என்றாள் பெரியவள். "பயந்துட்டான்."

"நீங்க பேசாதீங்கக்கா. இத்தனை நாள் பேசாம இருந்தீங்கல்ல, இப்பவும் பேசாதீங்க." சொல்லிவிட்டுச் சின்னவள் அந்த மண்ணில் கவிழ்ந்து விழுந்தாள். அவள் அழுத அழுகையில் முள் வெட்டியவர்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். பெரியவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அளவுக்காரப் பெண் பதிவில் எழுதினாள்: பெண் குழந்தை. தாயின் பெயரைக் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மெஷினை நிறுத்திவைத்துவிட்டுத் தோண்டினார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கருத்துப்போன ஜரிகை கொஞ்சம், அதைச் சுற்றிய மண். அவ்வளவையும் ஒரு சிறிய மரப்பெட்டியில் அள்ளினார்கள். புது இடுகாடு வரைக்கும் சின்னவள் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. கொழுந்தன் வண்டியின் பின்னால் நின்றபடி வந்தான். அவனை யாரும் ஏறச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை.

"குழந்தையை எங்கம்மா வைக்கலாம்?" அளவுக்காரப் பெண் பெரியவளிடம் கேட்டாள். "ஓரமா வெச்சா, உங்க வீட்டுக்காரர் பக்கத்துல பின்னால உங்களுக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம்..."

"வேணாம்மா. இத்தனை நாள் அவர்கிட்டதானே இருந்தா. தனியா வெச்சா புள்ள பயந்துக்கும்."

சின்னவள் குழிக்குள் தானே இறங்கிப் பெட்டியை வைத்தாள். வைத்துவிட்டு ஏறவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்து, அப்படியே முழங்காலிட்டு இருந்தாள். பெரியவள் விளிம்பில் குனிந்து கையை நீட்டினாள்.

"வாம்மா. போதும், ஏறி வா."

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா... நான் இன்னும் அவகிட்ட ஒண்ணுமே பேசலையே."

பெரியவள் நீட்டிய கையை மடக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கையால் சின்னவளின் தோளைப் பிடித்துத் தானும் குழிக்குள் இறங்கினாள். இரண்டு பேருக்கு அங்கே இடம் போதவில்லை. ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, எப்படியோ உட்கார்ந்துகொண்டார்கள். மண்ணைத் தள்ளலாமா என்று கேட்க வாய் வராமல், மேலே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான் கொழுந்தன்.