ஒரே மட்டம்

மகளின் குரல்தான் முதலில் மங்கியது. முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "அம்மா, அம்மா" என்று வாண்டு கத்துகிறாள், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் மட்டும் எங்கேயோ தலையணைக்கு அடியில் இருந்து வருவதுபோல் வருகிறது. அம்மாவோ காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் காதைச் சோதிப்பவள். வீட்டில் இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே வாண்டை வேலைக்குக் கூட்டிப் போய் அறையில் உட்கார வைத்துச் சோதித்தாள். காதில் ஒரு குறையும் இல்லை. தொண்டை மருத்துவரும் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உன் பொண்ணுக்குக் குரல் கம்மியா? என் காது கிழிஞ்சிடுச்சும்மா" என்று சிரித்தார். உண்மைதான். மருத்துவமனைத் தாழ்வாரம் முழுக்க வாண்டின் குரல் கணகணவென்று ஒலித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடியும் மங்கிவிட்டது.

வீடு என்றால் சாதாரண வீடு இல்லை. நகரத்தின் பழைய தண்ணீர்க் கோபுரம் ஒன்றின் உச்சியில் இருந்த வட்டத் தொட்டி அது. தொட்டியின் சுவரை அறுத்து ஜன்னலும் வாசலும் வைத்து, தரைக்கு மரப்பலகை போட்டு, குடியிருக்கிற மாதிரி ஆக்கியவர் அவளுடைய கணவர். கட்டட வடிவமைப்பாளர். வாசலைத் திறந்தால் கோபுரத்தின் உள்ளே சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டு. வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவர் சொல்லும் கதை அவளுக்கு மனப்பாடம். ஒரே பொறியாளர்தான் நகரத்தின் எல்லாக் கோபுரங்களையும் கட்டினாராம். ஒன்றுக்குக் கோட்டை வேஷம், ஒன்றுக்குக் கலங்கரை விளக்கம் வேஷம், இவர்களுடையதற்கு மொட்டு விரிகிற பூ வேஷம். தண்ணீர்த் தொட்டி என்று பார்த்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று அத்தனை அலங்காரம். ஆனால் மேடோ பள்ளமோ, எங்கே கட்டினாலும், மண்ணுக்கடியில் குழாயால் இணைந்த தொட்டிகள் மட்டும் ஒரே உயரத்தில் நின்றன.

"ஒண்ணுல தண்ணி ஏறினா எல்லாத்துலயும் ஏறும். ஒண்ணுல இறங்கினா எல்லாத்துலயும் இறங்கும். அந்த மனுஷன் மூளையே மூளை" என்பார் கணவர், தானே கட்டினதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த வாரம் வீட்டில் ஒரு வாடை வந்து உட்கார்ந்தது. ஈர சிமெண்டும் பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை, ஊதுவத்தி கொளுத்தினாலும் போகவில்லை. அவள் கையில் இருந்து கரண்டி நழுவி விழுந்தது, ஆனால் விழுந்த சத்தமே கேட்கவில்லை. தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் வாண்டு தூக்கத்தில் இருமி இருமி எழுந்தாள். தொட்டுப் பார்த்தால் மெத்தை காய்ந்துதான் இருந்தது. சுவரும் காய்ந்துதான் இருந்தது. வாண்டு பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது. கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டே விளையாடினாள், அப்படியே நாற்காலிமேல் ஏறி நின்று பெருமூச்சு விட்டாள், மறுபடியும் கன்னத்தை உப்பிக்கொண்டு இறங்கினாள்.

"என்னடி விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லம்மா. கீழ மூச்சு விட்டா உள்ள வருது. நான் பிடிச்சுக்கப் பழகிட்டேன்."

விடுமுறை நாளின் பிற்பகலில், சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பொம்மையை எடுக்க அவள் குனிந்தாள். இரண்டு காதும் சட்டென்று அடைத்துக்கொண்டன. குளத்தில் முங்கினவளைப் போல. தெருவின் வண்டிச் சத்தம், ஜன்னலில் காற்றடிக்கும் சத்தம் எல்லாம் ஒரே கணத்தில் அறுந்துபோய், எங்கோ ஆழத்தில் குழாய் முனகுகிற மாதிரி நீண்ட ஓசை ஒன்று மட்டும் கேட்டது. நிமிர்ந்தாள். தெரு திரும்பி வந்தது. மறுபடி குனிந்தாள். போய்விட்டது.

வாண்டின் சாக்பீஸை எடுத்து, தலையை மெல்ல இறக்கி, காது அடைக்கிற இடத்தில் சுவரில் கோடு போட்டாள். நகர்ந்து அடுத்த இடத்தில் போட்டாள். வட்டமாக அறை முழுவதும் சுற்றி வந்தபோது கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நூல் பிடித்தாற்போல ஒரே மட்டம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

வாண்டின் உச்சந்தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இறக்கவே இல்லை. கணவர் வந்ததும் மூன்று பேரும் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று பையில் துணிகளைத் திணித்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு அவர் வந்தார், முகமெல்லாம் பூரிப்பு.

"அங்க பாரு" என்று ஜன்னலைக் காட்டினார். கூரைகளுக்கு அப்பால், கோட்டை வேஷம் போட்ட கோபுரம் செவ்வெயிலில் நின்றது. "எங்க ஆளுங்க பழுது பார்த்து முடிச்சாச்சு. ஒழுகுதான்னு பார்க்க இந்த வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஏத்திக்கிட்டு இருக்கோம். பாதிக்கு மேல வந்தாச்சு."

அவள் சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"எதை?"

"தண்ணியை. இங்கேயும் ஏறுது."

அவர் சிரித்துவிட்டார். "இந்தத் தொட்டிக் குழாயை அறுத்து கான்கிரீட் வச்சு அடைச்சதே நான்தானே? சொட்டுத் தண்ணி வராது. தரையைப் பாரு, எங்க ஈரம்?"

"ஈரம் இல்லைங்க. தண்ணி இருக்கு. குனிஞ்சு பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஒரே ஒரு ஃபோன் பண்ணுங்க."

அவள் குரல் உடைந்ததைக் கண்டு அவர் இரங்கினார். "சரி, சரி. பண்றேன். நீ முதல்ல தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசைமுன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அவர் பேச்சு நின்றுபோனது.

நிற்கவில்லை. உதடுகள் அசைந்தன. ஃபோனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒரு சொல்லும் அவளுக்கு எட்டவில்லை. அவருடைய தலைமுடி நெற்றியை விட்டு மெல்ல எழுந்தது. காற்றே இல்லாத அறையில் ஒவ்வொரு இழையாகப் பிரிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சட்டைக் காலர் மிதந்து உயர்ந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

காது கேளாதவர்களோடு பழகிப் பழகி உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியும். படித்தாள்.

*அப்படியா? மத்தியானமே வால்வை முழுசாத் திறந்துட்டீங்களா? நல்லது. நிரம்பட்டும்.*

வாடை மூக்கில் ஏறியது. அடுத்த நொடி அவள் காதும் அடைத்தது, நின்ற இடத்திலேயே.

"மூச்சைப் பிடி" என்றாள் மகளிடம். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

வாசலுக்குப் பத்தடிகூட இருக்காது. கால் எழவில்லை. தொடையை எதுவோ தள்ளியது. மார்பை அழுத்தியது. வாண்டின் விரல்கள் கழுத்தில் இறுகின. தாழ்ப்பாள். கை வழுக்கியது. மறுபடி. திறந்தது.

படிக்கட்டில் விழுந்தாள்.

சத்தம் வந்தது. தெரு. வண்டிகள். வாண்டு இருமினாள். இருமி இருமி, கைநிறையத் தண்ணீரைக் கக்கினாள். பழுப்பு நிறம். துரு வாடை. கக்கியதும் வீரிட்டு அழுதாள். அந்த அழுகை கோபுரம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"என்னங்க!" என்று அவள் திரும்பினாள். "வெளிய வாங்க!"

கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படி காய்ந்திருந்தது. ஒரு துளி வெளியே வரவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. அவர் விட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். முகத்தை மேல் தளத்தோடு ஒட்டி, உதட்டைக் குவித்து, இல்லாத இடத்தில் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். அவளைப் பார்த்தார். கையைத் துழாவித் துழாவி வாசலை நோக்கி இறங்கி வந்தார். கண்கள் பிதுங்கியிருந்தன.

திறந்த வாசலில் வந்து மோதினார். உள்ளங்கைகள் இரண்டும் வெறும் காற்றில், கண்ணாடியில் பதிவதுபோலத் தட்டையாகப் பதிந்து வெளுத்தன. அடித்தார். அடிக்கிற சத்தம் இல்லை.

அவள் கையை நீட்டினாள். அவருடைய கை இருந்த இடத்தில், வாசலைத் தாண்டி, தோள்வரை நீட்டினாள். விரலில் எதுவும் படவில்லை. வெதுவெதுப்பான, காய்ந்த, காலி அறைதான் பட்டது.

நீட்டிய அவள் கைக்கு அப்பால் அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.