பெண் தவளை கூப்பிடாது

மழை விட்டதும் தவளைகள் தொடங்கின. அந்தச் சத்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

லின்சி முதலில் அதைக் காதின் கோளாறு என்றுதான் நினைத்தாள். ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோரின் அடுக்களையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து கடைசிச் சொட்டுகள் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தன. புகை போகட்டும் என்று திறந்து வைத்த கண்ணாடி ஜன்னல் வழியாக, ஓடைப் பள்ளத்தின் கடகட சத்தமும், ஏலச்செடி இலைகளுக்குள்ளிருந்து வரும் டிக்டிக்கும், பலாமர உச்சியின் சீழ்க்கையும், தொட்டியோரத்து மூக்கடைத்த முனகலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. இடவப்பாதி மழைக்காலத்தில் இருட்டத் தொடங்கும் நேரம் இப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் திசையில் எந்த இனம் என்று அவளால் சொல்லிவிட முடியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கும் ஜோபிக்கும் இதுதான் வேலை.

கிழக்குச் சரிவில், ஏலம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு வீட்டின் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. சுற்றிலும் சத்தம் நிரம்பி வழிய, அந்த ஓர் இடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி வெறுமையாகக் கிடந்தது. கஞ்சியை ஒரு கிளறு கிளறிவிட்டு மறுபடி காது கொடுத்தாள். ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அது விட்டுவந்த இடத்தில் தவளைகள் மறுபடி பாட ஆரம்பித்திருந்தன.

"இச்சாயா, கிழக்குச் சரிவுல ஏதோ நடமாடுது. தவளைங்க வாயை மூடிக்குதுங்க."

அவள் இச்சாயன் என்று கூப்பிடும் கணவன் ஜோபி, அட்டை ஏறாமலிருக்க நீளமான துணிக்காலுறையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். "மிளா மானா இருக்கும்."

"மிளான்னா சருகு சத்தம் கேக்கும். கிளை ஒடியும்."

"அப்போ உங்கம்மாவா இருக்கும். அவங்க வந்தாலும் எல்லாரும் வாயை மூடிக்குவாங்க."

அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே விலகி, அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் குனிந்து பார்த்தான். ஈரப்பாசிக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தளவு பச்சைத் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்னடா, இன்னிக்காவது வாயைத் திறப்பியா? உனக்குப் பொண்ணு பாக்கத்தான் போறேன்."

அந்தக் குரலை அவர்கள் போன வாரம் ஓடைக்கு மேலே கேட்டார்கள். தண்ணீரில் ஊறிய கதவை யாரோ மெதுவாகத் திறப்பது போல நீளமாக ஒரு கிறீச், முடிவில் ஒரு தட்டு. இந்த மலையில் யாரும் பதிவு செய்யாத குரல். ரெக்கார்டரை ஓடவிட்டு ஜோபி இருட்டில் ஊர்ந்து போனான், குரல் நின்றது, விளக்கைப் போட்டான். எதிரே இலையில் இந்தத் தவளை. இவன்தான் என்றான். "தொண்டை உப்பினதைப் பாத்தீங்களா?" என்று லின்சி கேட்டதற்கு, "உப்பாம பின்ன, விசிலா அடிச்சான்?" என்றான். தொண்டைப்பை உப்புவதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு குரலை ஒரு தவளையின் பெயரில் எழுதக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது அது. நகத்தளவு உடம்புக்கு எவ்வளவு தடித்த குரல் என்று இரண்டு பேரும் பெருமைப்பட்டுக்கொண்டார்களே ஒழிய, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அவளும் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் ஐரின். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போன மகள். அந்தப் பெயரை இனி உலகத்தில் யாருக்கும் கூப்பிட வேண்டியிருக்காது என்பதை ஜோபியால் தாங்க முடியவில்லை. புது இனத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைப்பதென்று முடிவு செய்திருந்தான். பிடித்த அன்று தவளையின் வயிற்றுக்குள் ஒரு மின்மினி விட்டுவிட்டு எரிந்தது. அவ்வளவு மெல்லிய தோல். "பாவம், உள்ள போயும் விளக்கு காட்டுது பாரு" என்று ஜோபி சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மகள் போனபிறகு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு பெண் தவளையும் கிடைத்தால் கட்டுரையை அனுப்பிவிடலாம். பெண் கிடைப்பதுதான் கஷ்டம். ஆண்தான் கூப்பிடும். பெண் சத்தமே போடாது, குரல் வரும் திசையைப் பார்த்து வரும். அதனால் தினமும் ஜோபி ஓடைக்கரையில் ஸ்பீக்கரில் அந்தக் குரலைப் போட்டுவிட்டு, நெற்றி விளக்கை அணைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்துடுங்க."

"பொண்ணோட வர்றேன். பப்படம் சுட்டு வை."

திரும்பும்போது கத்தினால் தவளைகள் கலைந்துவிடும். அதற்காக அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. விளக்கை இரண்டு தரம் அணைத்து எரித்தால், வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அவன் விளக்கு ஏலச்செடிகளுக்குள் இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஸ்பீக்கர் சத்தம் வந்தது. கிறீச். தட்டு.

ஓட்டை நகர்ந்தது.

இதுவரை சரிவில் அங்குமிங்கும் அலைந்தது, இப்போது நேராக ஓடையைப் பார்த்து இறங்கியது. சருகு சத்தம் இல்லை. கிளை அசையும் சத்தம் இல்லை. முன்னால் உள்ள தவளைகள் அடங்கின, பின்னால் உள்ளவை தொடங்கின. பிரார்த்தனைக்கு நடுவில் பாதிரியார் நடந்துவரும்போது பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பேச்சை நிறுத்துவது போல இருந்தது. லின்சி அடுப்பிலிருந்து பானையை இறக்கிவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"இச்சாயா, அது உங்க பக்கம் வருது."

"மிளாவுக்குத் தண்ணி தாகம் எடுக்கக் கூடாதா?" கிசுகிசுப்பாக வந்தது ஜோபியின் குரல். "சும்மா இருடி. பொண்ணு வெக்கப்படும்."

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் டிக் என்றது.

திரும்பினாள். டிக், டிக், டிக். டப்பாவுக்குள் தவளை முன்கால்களை ஊன்றி எழும்பியிருந்தது. தொண்டைக்குக் கீழே வெள்ளைக் குமிழி உப்பியது, வற்றியது, மறுபடி உப்பியது. ஒவ்வொரு உப்பலுக்கும் ஒரு டிக். ஏலச்செடிகளில் நூறு தவளைகள் போடுகிற சத்தத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. தெளிவான, சின்ன, சாதாரணமான சத்தம்.

லின்சி வாக்கி-டாக்கியை அழுத்தினாள்.

"இச்சாயா. டப்பால இருக்கறவன் கூப்பிட்டுட்டான்."

"எம் பொன்னு மோளே! பதிவு பண்ணினியா?"

"குரல் வேற. நாம போட்டுட்டிருக்கறது இவன் குரல் இல்ல."

ஜோபி, "இருக்காது. நான் ஸ்பீக்கரை நிறுத்தறேன். நீ ரெக்கார்டர்ல அதைப் போடு. டப்பால இருக்கறவனையும் எனக்குக் கேக்க விடு. ரெண்டையும் சேத்துக் கேட்டாத்தான் தெரியும்" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கதவைத் தாழ் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்பது இவர்கள் இரண்டு பேருக்கும் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். அவள் ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிப் போட்டாள். கிறீச். தட்டு. கிறீச். தட்டு. வாக்கி-டாக்கியை அதனருகே பிடித்தாள், பிறகு டப்பா அருகே பிடித்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது." ஜோபியின் குரல் சுருங்கியிருந்தது. "வேறதான். லின்சி, அப்போ இத்தனை நாளா நாம யாரோட..."

அவனைச் சுற்றியிருந்த தவளைகள் நின்றன.

ஓடைத் தண்ணீர். அவன் மூச்சு. நெற்றி விளக்கைப் போடும் க்ளிக்.

"இச்சாயா?"

"மரம்னு நெனச்சேன்" என்றான் ஜோபி. ரொம்ப மெதுவாக. "லின்சி, இத நான் மரம்னு நெனச்சேன்."

சேற்றிலிருந்து காலை இழுப்பது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அடுத்த கணமே, ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கரையில் தவளைகள் பாடத் தொடங்கின.

அவள் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். எத்தனையோ இரவுகள் ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். மனிதன் போய் உட்கார்ந்தால் பக்கத்துத் தவளைகள் வெகுநேரம் வாய் திறக்காது. மூச்சுக்குக்கூட அஞ்சும். இப்போது ஜோபி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அவை கூச்சமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

அங்கே யாரும் இல்லை.

ஓட்டை மேலே ஏறி வந்தது.

ஸ்பீக்கரை அவன் நிறுத்திவிட்டான். கடைசியாகக் கேட்ட குரல் இந்த ஜன்னலிலிருந்து போனது. போட்டவள் அவள். லின்சி ரெக்கார்டரைப் பிடுங்கினாள், கைதவறிக் கீழே போட்டாள், அது இன்னொரு தரம் கிறீச்சிட்டது. காலால் மிதித்து நொறுக்கினாள். ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொக்கி மாட்டினாள். கதவுக்குத் தாழ். விளக்கை ஊதி அணைத்தாள்.

இருட்டில் கேட்டாள். கேட்பதுதானே அவளுக்குத் தெரிந்த வேலை.

ஏலச்செடிகள் அடங்கின. முற்றம் அடங்கியது. பலாமரம்.

தொட்டியோரம்.

ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த வாசனை கதவிடுக்கில் நுழைந்தது. டப்பாவுக்குள் டிக்டிக் பாதியில் நின்றது. கஞ்சிப் பானை ஆறுகிற சத்தம் கேட்டது. அவள் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். மாதாவே. ஐரினை எடுத்துக்கிட்டீங்க. இவரையாவது. இவரையாவது விட்டுடுங்க.

ஜன்னலுக்குக் கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

எழுந்துவிட்டாள். நெற்றி விளக்கு! மங்கல்தான், மழையில் நனைந்திருக்கும், ஆனால் விளக்கு. வந்துவிட்டான். கத்த வாய் திறந்தாள்.

வெளிச்சம் சுவரில் ஏறியது.

மனிதத் தலை இருக்கும் உயரத்தைத் தாண்டியும் ஏறியது. சிவப்பாக இருந்தது, டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் தெரிகிற சிவப்பு.

கண்ணாடியில் ஏதோ ஒட்டியது. தவளை விரல்நுனி மாதிரி வட்டமாக. வெளுப்பாக. சோற்றுத்தட்டின் அகலம். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கண்ணாடி முனகியது.

பிறகு வயிறு வந்து அழுந்தியது. ஜன்னல் முழுக்க வயிறு. ஈரமான, மெல்லிய, ஊடே பார்க்க முடிகிற தோல். நீலநரம்புகள் துடித்தன. உள்ளே, மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்றின் உச்சியில், அந்த வெளிச்சம்.

லின்சியின் விரல் தானாக வாக்கி-டாக்கியை அழுத்தியது.

"இச்சாயா."

அவள் குரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தோலுக்கு உள்ளேயிருந்து, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவது போல அவளுக்கே கேட்டது.

உள்ளே கிடந்தது அசைந்தது. ஒரு கை மெல்ல மேலே போனது.

விளக்கு அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது.