ஆசி வாங்கிய கிடா

வானமும் பூமியும் சாட்சி. என் தாடிமேல் கை வைத்துச் சொல்கிறேன்: இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

எப்ராயீம் மலையில், எலாசாவின் கூடாரத்தருகே செம்மறிகளுக்கு மயிர் கத்தரிக்கும் திருநாள். மூத்த மகன் எத்னான் களைத்துப்போய் ஆடுகளுக்கு நடுவிலேயே தூங்கிவிட்டான். இளையவன் சோபாலோ தூங்கிக்கொண்டே கத்தரித்தான். ஆடு, ஆடு, ஆடு, அண்ணன்.

எத்னான் விழித்தபோது இடது கன்னத்துத் தாடி கம்பளிக் குவியலில் கிடந்தது.

அந்த மலையில் தாடி போனால் மானம் போன மாதிரி. "இனி நீ எனக்குத் தம்பியே இல்லடா!" என்று கத்திவிட்டு, குவியலுக்குள் புகுந்துகொண்டான்.

மூத்த மகனுக்கு அப்பா ஆசி சொல்லும் நாளும் அதுதான். எலாசாவுக்குக் கண் மங்கல். தாடியைத் தடவித்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்.

எத்னானின் தங்கை மில்காள், பத்து வயதுக்காரி, குவியலிடம் கெஞ்சினாள். "வாண்ணா, அப்பா காத்துக்கிட்டிருக்காரு."

"அரைத் தாடியோடயா? போடி!" என்றது கம்பளி.

அதற்குள் பருப்புக்கூழ் வாசனை பிடித்து, ஒரு வெள்ளாட்டுக் கிடா கூடாரத்துக்குள் நுழைந்தது. அப்பா கை நீட்டினார். தாடி தட்டுப்பட்டது.

"மகனே, நீ போற இடமெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கட்டும். உன்னை யாரும் விரட்டாம இருக்கட்டும்!"

"மே," என்றது மூத்த மகன்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஆசியைச் சொன்னால் சொன்னதுதான். திரும்ப வாங்க முடியாது.

சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்த மில்காள் குவியலிடம் திரும்ப ஓடினாள். "அண்ணா, இப்ப வீட்டுக்குக் கிடாதான் மூத்தவன்!"

எத்னான் குவியலிலிருந்து எகிறி வந்தான். எதிரே சோபால் விம்மிக்கொண்டு நின்றான். "என்னாலதானே எல்லாம் போச்சு, அண்ணா..."

மில்காள் கத்தரியை எத்னான் கையில் கொடுத்தாள். "இவன் தாடியையும் வெட்டிடு. கோபம் தீரும்ல?"

சோபால் கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டினான். எத்னான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கை எழவில்லை.

"போடா மடையா! உன் மூஞ்சியில அது ஒண்ணுதான் உருப்படி." கத்தரியை வீசிவிட்டான்.

சோபால் அதைப் பொறுக்கித் தன் வலது கன்னத்துத் தாடியைத் தானே கத்தரித்தான். "நீ மட்டும் ஏன் வெட்கப்படணும்? நானும் வர்றேன்."

மில்காள் இருவரையும் உள்ளே இழுத்துப் போனாள். "அப்பா, மூத்தவனுக்கு உள்ள ஆசி போயிடுச்சு, சரி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு இன்னும் சொல்லலையே?"

எலாசா யோசித்தார். "சொல்லல."

மழித்த கன்னத்தோடு மழித்த கன்னத்தை ஒட்டி அவர்களை நிற்கவைத்தாள். அப்பா இரு பக்கமும் தடவினார்.

"முழுத் தாடிதான். முகம் என்ன இவ்வளவு அகலமா இருக்கு?"

"நல்லா சாப்பிடுறாங்கப்பா."

அப்பா சிரித்துவிட்டார். "ஒரே அடுப்புல சாப்பிடுங்க. ஒருத்தன் தூங்கினா, இன்னொருத்தன் முழிச்சுக்கிட்டிருக்கட்டும்!"

பிறகு இன்னொரு தாடையைத் தடவினார். தாடி இல்லை. "என் மில்காளா!" என்று இரண்டு கைகளையும் அவள் தலையில் வைத்தார்.

அதன்பின் கிடா ஊரார் திராட்சைத் தோட்டங்களை எல்லாம் மேய்ந்தது. யாரும் விரட்டவில்லை. ஆசி பெற்ற கிடா அல்லவா!

சோபாலுக்கு அந்த வருடம் வயது ஏழு. என் தாடிமேல் சத்தியம்!