மெழுகு ஒட்டிய சாவி

கிளெப் நீட்டிய சாவி பிசுபிசுத்தது. ரிம்மா கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளையாக மெழுகு ஏறிக்கொண்டது. எங்கேயாவது மெழுகுவர்த்தி பக்கத்தில் வைத்திருப்பான், இவனுக்கு எப்போதுமே எதுவும் சுத்தமாக இருக்காது. சாவிக் கயிற்றை அவள் கழுத்தில் போட்டு, முடிச்சும் அவனே போட்டுவிட்டான்.

அந்த சைபீரிய ஆய்வுக்கூடத்தில் யாரும் மீறாத வழக்கம் அது. வாயுவை வெடிக்கவைக்கும் இரும்புக் குழாய்க்குள் யார் போனாலும், பற்றவைக்கும் பலகையின் சாவி அவர் கழுத்தில் தொங்க வேண்டும். சாவி ஒன்றே ஒன்றுதான். அது உள்ளே இருக்கும்வரை வெளியிலிருந்து ஒரு பொறிகூடத் தட்ட முடியாது.

காலையில்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். பதினோரு வருஷ நண்பனாயிற்றே, மறைக்க மனசு வரவில்லை.

"உன் ஆய்வேட்டுல இருக்கிற வேகக் கணக்கு பொய், கிளெப். நாளைக்குக் குழுவுல நான் சொல்லத்தான் போறேன்."

அவன் கோபப்படவில்லை. தேநீரில் பழப்பாகைப் போட்டுக் கலக்கினான்.

"தாராளமா சொல்லு தாயே. அதுக்கு முன்னாடி, நேத்து வெடிக்கு வச்ச தகட்டை உள்ளே போய் எடுத்துட்டு வா. ரெண்டு பேருமா பார்த்துடலாம்."

குழாய்க்குள் தவழ்ந்தாள். பழைய புகையும் ஈர இரும்பும் கலந்த வாடை, முழங்கால் பட்ட இடத்திலிருந்தெல்லாம் கிளம்பி எங்கோ போய்த் திரும்பிவரும் எதிரொலி, கைவிளக்கு எட்டாத தூரத்தில் அசையாமல் நிற்கும் இருட்டு. கோடியில் தகடு இருந்தது. விளக்குக் கரி பூசிய தகட்டின்மேல் வெடி கடந்துபோனால் மீன் செதில் மாதிரி கோடுகள் விழும். இதில் ஒரு கோடும் இல்லை. தொட்டாள். உள்ளங்கை அப்படியே பதிந்தது.

புதுக் கரி. அடுத்த வெடிக்கு வைத்த தகடு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"கிளெப்! விளையாடாதே!"

சீறல். சுவர்த் துளைகளிலிருந்து, மெதுவாக. பூண்டு வாடை. அசிட்டிலீன்.

"வாயு வருதுடா! சாவி என்கிட்ட இருக்கு!"

இரும்புக்கு அப்பாலிருந்து, காலையில் கேட்ட அதே நிதானமான குரல்.

"தெரியும். பத்திரமா வச்சுக்கோ."

விரல்கள் கழுத்துக்குப் போயின. மெழுகு. அச்சு எடுத்த மெழுகு. அடப்பாவி! முடிச்சுப் போட்டதும் அவன் கைதானே.

வெடியலை தன் சத்தத்தையே முந்திக்கொண்டு வரும். மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள். வெடிக்கும்போது எதுவும் காதில் விழாது.

விழுந்தது வேறொன்று. வெளியே, பலகையில், இன்னொரு சாவி திரும்பியது.

எதிரே கரித்தகட்டில் அவள் கை, ஐந்து விரலும் விரிந்தபடி.