மயங்கி விழுந்தவளுக்கு வந்த சீட்டு

"பாத்து ஏறுங்க சார்! குடைத் தண்ணி பூரா என் மடியில..."

திட்டிக்கொண்டே நிமிர்ந்த ஃபெமினா அப்படியே வாயை மூடிக்கொண்டாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒழுகும் குடையும் பெரிய பெட்டியுமாக நின்றவன் பிரவீன்ராஜ்! மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் ஒரே வகுப்பு. அதில் ஐந்து வருஷம் அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

"அப்பாடா... திட்டவாவது வாயத் திறந்தியே. உக்காரவா?"

வேறு இடமும் இல்லை. ஒதுங்கிக்கொண்டாள்.

"பெட்டி எங்க போகுது?" கேட்கக் கூடாதென்றுதான் இருந்தாள். கேட்டுவிட்டாள்.

"சண்டிகர். மேல்படிப்பு. ஆறு மணிக்கு ஜங்ஷன்ல ரயில். இனி மூணு வருஷம் அங்கதான்."

மூன்று வருஷமா! போனால் போகட்டுமே, உனக்கென்னடி என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். காவிரிப் பாலத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த முதல் ஆறு மாசம்தான் எவ்வளவு நன்றாக இருந்தது... அவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் இவள் படம் வரைவாள். அவன் இதயத்தைக் கோணலாக வரைவான். இவளும் அதே கோணலை வரைந்து திட்டு வாங்குவாள். அப்படிச் சிரித்துக் கிடந்த நாட்களில்தான், முதன்முதலாகப் பிணத்தை அறுக்கும் ஹாலில் மயங்கி விழுந்தாள்.

அதே வாரம் மாணவர்களின் மனநலம் பற்றி ஓர் ஆய்வு. பக்கத்தில் இருப்பவரின் நல்ல குணம் ஒன்றைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதச் சொன்னார் லூர்துராணி மேடம். இவளுக்கு வந்ததை மேடமே வாசித்துக் கையில் கொடுத்தார்: "தைரியம்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரெக்கார்டு முழுக்கப் பார்த்த கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அன்றோடு பேச்சு நின்றது.

"எதுக்குடா என்னைக் கிண்டல் பண்ணின?" இப்போது கேட்டேவிட்டாள். "விழுந்தவளுக்குப் போய்த் தைரியம்னு..."

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"கிண்டலா? நீ விழுந்ததை எல்லாரும் பாத்தாங்க ஃபெமினா. மறுநாள் காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி நீ தனியா அந்த ஹால் முன்னாடி வந்து நின்ன. ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போயி ஓடி வந்துட்ட. மூணாவது தடவ உள்ள போயிட்ட. விட்டுட்டுப் போன நோட்டை எடுக்க வந்த நான் மட்டும்தான் பாத்தேன். அதைத்தான் எழுதினேன்."

யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தாளே! கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ நின்னாத்தானே சொல்ல? அப்புறம் எனக்கும் ரோஷம்..."

அவள் கைப்பையைத் துழாவி, மடிப்பில் கிழியத் தொடங்கிய சீட்டை எடுத்தாள். "கிழிச்சிப் போடணும்னு எத்தனையோ தடவ எடுத்தேன்... மனசு வரல."

"மெயின்கார்டு கேட் எறங்கு!" கண்டக்டர் கத்தினார்.

"உன் ஸ்டாப்பு வந்துருச்சு," என்றான் மெதுவாக.

அவள் அசையவில்லை. வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தாள்; இருமல்தான் வந்தது. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான். பஸ் கிளம்பிவிட்டது.

"எனக்கு உன்னைப் புடிக்கும் பிரவீன். அந்தக் கோணல் இதயம் வரைஞ்ச நாள்லேர்ந்தே புடிக்கும். போயிட்டு வா... நான் காத்திருக்கேன்."

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எனக்கும்தான்டி... இன்னிக்கும் மூணாவது தடவதான். இதையும் நான் மட்டும்தான் பாத்தேன்."