உரியவர் நேரில் வரவேண்டும்

2007 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14 ஆம் திகதி, புதன்கிழமை. வடகீழ்ப் பருவக்காற்று முந்தின நாளே ஊரைச் சூழ்ந்த வாவிக்குள் இறங்கியிருந்தது. காலையிலிருந்து மழை விடவில்லை. நண்பகலிலும் புளியந்தீவின் வீதிகள் மைம்மல் பொழுதைப் போல மங்கிக் கிடந்தன.

கடைத்தெரு முழுவதிலும் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. எனினும், வங்கிச் சுவரில் பதிக்கப்பட்டிருந்த பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரை மட்டும் வெளிறிய பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மங்கையற்கரசி அதைக் கண்டாள். ஆயினும் அதைப் பற்றி ஆராயும் மனநிலையில் அவள் இருக்கவில்லை. சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, கணவனுடைய வங்கி அட்டையை அந்தத் துவாரத்துள் இட்டாள். வழக்கமாகக் கேட்கும் சில்லுகளின் ஓசை கேட்கவில்லை. மாறாக, சுவருக்கு அப்பால் எங்கோ ஆழத்தில் தண்ணீர் அசையும் ஓசை கேட்டது. சேறும் அழுகிய பாசியும் கலந்த வாவியின் வாடை, காய்ச்சல்காரனின் மூச்சைப் போல வெதுவெதுப்பாக அவளுடைய விரல்களின் மீது பட்டது. பின்னர் திரை அணைந்தது. அட்டை திரும்பி வரவில்லை.

அவள் இயந்திரத்தை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"அடிக்காதீங்க தங்கச்சி. அதுக்கு நோகாது, உங்கட கைதான் நோகும்" என்றார் காவலாளி முத்தலிப், குடையை விரித்துக்கொண்டு அருகில் வந்து. "கறண்ட் இல்லாத மெசினுக்குள்ள கார்டப் போட்ட முதல் ஆள் நீங்கதான்."

"லைட் எரிஞ்சதே, முத்தலிப் நானா."

"எங்க எரிஞ்ச? விடிஞ்சதில இருந்து அது செத்துத்தான் கிடக்கு."

வங்கியினுள்ளே மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டிருந்தன. கண்ணாடி அணிந்த இளம் அலுவலர் பின்னறைக்குச் சென்று, இயந்திரத்தைத் திறந்து அட்டையை எடுத்து வந்து மேசைமீது வைத்தார். கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் அது கிடந்தது.

"விநாயகமூர்த்தி எண்டு கிடக்கு. ஆரு இவர்?"

"என்ர மனிசன்."

"அப்ப அவர்தான் வரவேணும். உரியவர் நேரில வந்து ஐ.சி.ய, அடையாள அட்டையக் காட்டினா, கையில குடுப்பம். மூண்டு மணிக்குள்ள வராட்டி வெட்டிப்போடுவம்." அவர் குரலைத் தணித்தார். "ஆள் இல்லையெண்டா மரண அத்தாட்சிப் பத்திரத்தக் கொண்டு வாங்க. அது லேசு."

லேசு! அந்தச் சொல்லைக் கேட்டதும் மங்கையற்கரசியின் காதுகள் கொதித்தன. சென்ற வருடம் ஒரு மாலையில் அவளுடைய வீட்டு வாசலில் வாகனமொன்று வந்து நின்றது. வந்தவர்கள் தமிழிலேயே கதைத்தார்கள். சின்ன விசாரணை என்றார்கள். அடையாள அட்டைகூடத் தேவையில்லை என்றார்கள். அன்றிலிருந்து அவள் ஏறி இறங்கிய அலுவலகங்கள் யாவும் அதே தணிந்த குரலில் அதே பத்திரத்தைத்தான் கேட்டன. கொண்டுபோனவர்கள் எதிலும் கையொப்பம் இடவேண்டியதில்லை. அவர் இறந்துவிட்டார் என்று அவள் மட்டும் கையொப்பம் இடவேண்டும்! அந்த அட்டையை நம்பியே அவளுடைய அடுப்பு எரிந்தது. ஆயினும் அதற்காகத் தன் வாயால் அவரைச் சாகடிக்க அவள் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆதலால், அந்த ஊரில் அவளைப் போன்ற பெண்கள் எல்லோரும் பழகி வைத்திருந்த பதிலையே அவளும் சொன்னாள்.

"ஆள் இருக்கிறார். காய்ச்சல். வீட்டில படுத்திருக்கிறார்."

"நடந்து வரக்கூடிய காய்ச்சலோ?"

"வருவார். நான் போய் அனுப்பிவிடுறன்."

மேசைமீது கிடந்த அட்டையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, மெல்லிய கோடாக அவளை நோக்கி ஓடி வந்தது.

கணவனுக்குத் தம்பி முறையான ஒருவன், பாலத்துக்கு அப்பால் அவளுடைய வீடு இருந்த கல்லடியிலேயே இருந்தான், முகச்சாயல் உண்டு. அலுமாரியில் இருக்கும் அடையாள அட்டையை அவனிடம் கொடுத்து அனுப்புவதே அவளுடைய எண்ணம். வங்கியையும், மழையையும், அந்தத் தணிந்த குரலையும் மாறி மாறித் திட்டியபடி அவள் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த வளவுக்காரியான புஸ்பம், தலைக்கு மேலே சுளகைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

"என்னகா மங்கை, மனிசன் வந்திட்டார், எங்களுக்கு ஒரு சொல்லும் இல்ல?"

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. உள்ளுக்க இருமிக் கேட்டிச்சு. நல்ல காய்ச்சல் இருமல். மறுகா கதவு திறந்து சாத்திச்சு."

"பகிடி விடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு, புஸ்பமக்கா! என்ர சீவியம் உங்களுக்குக் கூத்தா?"

புஸ்பத்தின் முகத்தில் பகிடி இருக்கவில்லை. காய்ச்சல் என்ற சொல்லை வங்கியைத் தவிர வேறெங்கும் தான் உச்சரிக்கவில்லை என்பது அப்போதுதான் மங்கையற்கரசிக்கு உறைத்தது.

வீட்டுக்குள் வாவியின் வாடை நிறைந்திருந்தது. விரிக்கப்படாமல் சுருட்டி வைத்திருந்த பாய், இப்போது விரிந்து கிடந்தது. அதன்மீது, ஒருக்களித்துப் படுத்த ஓர் உடலின் அளவுக்கு, கறுத்த ஈரம் ஊறியிருந்தது. ஈரத்தில் தலையும் தோளும் கால்களும் தெளிவாகத் தெரிந்தன. கைகள் மட்டும் எங்கும் பதிந்திருக்கவில்லை. அலுமாரியின் இழுப்பறை திறந்து கிடந்தது. அடையாள அட்டை இல்லை. இழுப்பறையின் மரப்பிடியைத் தொட்டாள். நெருக்கமான, ஆழமான தடங்கள்.

பற்கள்.

"கள்ளன்" என்று அவள் உரக்கச் சொன்னாள். கள்ளனாகத்தான் இருக்கவேண்டும். அவருடைய பெயரைத் திருடி, அவருடைய முகத்தைப் போட்டுக்கொண்டு, ஒருவன் வங்கிக்குப் போயிருக்கிறான். அவனைக் கிழித்துப்போட வேண்டும் என்ற வெறி அவளுடைய பயத்தை மூடி நின்றது. அவள் மீண்டும் சைக்கிளை எடுத்தாள்.

வங்கியின் கதவு பாதி சாத்தப்பட்டிருந்தது.

"எங்க போயிட்டீங்க, தங்கச்சி?" என்றார் முத்தலிப். "உங்கட மனிசன் வந்து கார்ட எடுத்திட்டாரே."

"எந்த மனிசன்?"

"அப்ப எத்தினை மனிசன் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தவர், அவளுடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "வாய் பேசாத ஆள்போல. மழைக்கு உரப்பையத் தலையில இருந்து இடுப்புமட்டும் போட்டிருந்தார். ஐ.சி.ய வாயில கவ்விக்கொண்டு வந்தார், நுனி மட்டும் சாக்குக்கு வெளிய தெரிஞ்ச. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால. பெரிய துரை பரேட் பாக்க வந்த மாதிரி."

"முகத்தப் பாத்தீங்களா?"

"நான் கதவடியில. முகத்தச் சாக்கு மூடியிருந்த. ஐயாதான் சாக்கத் தூக்கிப் பாத்தவர்." முத்தலிப்பின் குரல் தேய்ந்தது. "மறுகா அவர், தங்கச்சி, கார்டக் கொண்டுபோய் அந்த ஆள்ர பின்கையில வெச்சார். அப்பிடியே பின்னுக்குப் போய் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தார். கண்ணாடியையும் மேசையில விட்டிட்டு, வீட்ட போயிட்டார்."

"எந்தப் பக்கம் போன, அந்த ஆள்?"

முத்தலிப் மழையைப் பார்த்தார். "போனத நான் காணல்ல."

கல்லடிக்கு இருப்பது ஒரே பாலம். அதன் வழியாகத்தான் அவள் வந்தாள். எதிரே எவரும் வரவில்லை.

அவள் சைக்கிளில் ஏறினாள். மிதி கனத்தது. காற்று எதிர்க்கிறது என்று எண்ணினாள். பின்சில்லு நசுங்கி, ஈரத் தாரில் அரைபட்டு உருண்டது. காற்றுப் போய்விட்டது என்று எண்ணினாள். ஒவ்வொரு மிதிக்கும் வாவியின் வாடை பின்னாலிருந்து அவளுடைய தோளின் மேலாக வந்தது. பாலத்தடிக் காவலரணில் சிப்பாய் கையை நீட்டி மறித்தான். அவள் தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை. இரண்டு விரல்களைக் காட்டினான். இன்னொன்று.

"நான் ஒராள்தான்" என்று அவள் சீறினாள்.

சிப்பாய் அவளுக்குப் பின்னால் பார்த்தான். அவன் வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றான்.

பாலம். இரும்புத் தகடுகள் அதிர்ந்தன. கீழே, வாவி பழுப்பாகப் பெருகிக் கிடந்தது. அவளுடைய முதுகோடு இன்னொரு முதுகு சாய்ந்தது. குளிர். சாக்கின் சொரசொரப்பு. பின்னர் விரல்கள். இடுப்புக்குப் பின்னே, நாரியின் நடுவில். தடவவில்லை. பிடிக்கவில்லை. விரல்களுக்கிடையே இருந்த ஏதோவொரு தட்டையான விளிம்பு, அவளைக் குத்தியது. எடு, என்பதுபோல.

அவள் திரும்பவில்லை. மிதித்தாள்.

வாசலில் சைக்கிள் நின்றது. பாரம் இறங்கியது. சேற்றில் இரண்டு காலடிகள்.

இப்போது திரும்பினாள்.

அவர் முதுகைக் காட்டி நின்றார். உரப்பை விலகியிருந்தது. மணிக்கட்டுகள் இரண்டையும் கட்டுக்கம்பி இறுக்கி, சதைக்குள் புதைந்திருந்தது. ஊதி வெளுத்த விரல்கள். இடது சுட்டுவிரலில், மரவேலையில் ஓடாவிக் கத்தி வெட்டிய பழைய தழும்பு. அது கள்ளனுடையதல்ல. வேறெவருடையதும் அல்ல. அந்த விரல்களில், வங்கி அட்டை.

அவள் எடுத்துக்கொண்டாள்.

ஓடியிருக்கலாம். வேலிக்கு அப்பால் புஸ்பம் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். ஆனால், அலுவலகம் அலுவலகமாக அவள் சுமந்து திரிந்த நெருப்பு, அந்தக் கம்பியைக் கண்டதும் தொண்டைவரை ஏறி வந்தது.

"ஆரு கட்டின?" என்றாள். "சொல்லுங்க. உங்கள இப்பிடிச் செஞ்ச ஆரு?"

சாக்குக்குள் ஈரமாக ஏதோ அசைந்தது.

பதில் சொல்வதற்காக, அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பத் தொடங்கினார். தோள். கழுத்து. சாக்கு தானாகச் சரிந்து விழுந்தது.

அப்போது நேரம் மாலை நாலு மணி பதினெட்டு நிமிடம்.